இந்தக் கையெழுத்து உன்னுடையது

அன்புள்ள மருமகளுக்கு,

உன் செய்தி வந்தது. “மேல்தாடையை வெட்டி முன்னால நகர்த்தணும்னு டாக்டர் சொல்றாங்க அத்தை. செஞ்சுக்கலாமா?” என்று கேட்டிருந்தாய். ஒரே சொல்லில் பதில் அனுப்பியிருக்கலாம். ஆனால் உன் வீட்டில் ஏற்கெனவே ஆளுக்கொரு பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். கல்யாணப் பேச்சு எடுப்பதற்குள் முடித்துவிட வேண்டும் என்கிறாள் உன் ஆச்சி. எலும்பை வெட்டுவார்கள் என்று கேட்டதிலிருந்து உன் அம்மாவுக்குத் தூக்கம் இல்லை. உன் அப்பா செலவைத் தவிர வேறெதுவும் பேசுவதில்லை. இவர்களோடு நானும் ஒரு பதிலைச் சேர்ப்பதால் உனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. முகம், தாடை அறுவை செய்தவர்களைப் பார்த்துக்கொள்ளும் வார்டில் வேலை செய்தே தலை நரைத்தவள் நான். அங்கே கண்டதையும் கற்றதையும் எழுதுகிறேன். படித்துவிட்டு நீயே முடிவு செய்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உனக்கு இதுவரை மூன்று அறுவைகள் நடந்திருக்கின்றன. கைக்குழந்தையாக இருந்தபோது பிளந்திருந்த உதட்டைச் சேர்த்தார்கள். ஒரு வயதை ஒட்டி அண்ணத்தை மூடினார்கள். மூன்றாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையில் இடுப்பெலும்பிலிருந்து கொஞ்சம் எடுத்து, பிளந்திருந்த ஈற்றெலும்பில் வைத்தார்கள். மூன்றையும் நாங்கள்தான் முடிவு செய்தோம். உன்னைக் கேட்கிற வயதும் அது இல்லை. காத்திருக்க நேரமும் இல்லை. அண்ணத்தை மூடாமல் விட்டிருந்தால் பேச்சு தெளிந்திருக்காது. அந்த எலும்பை வைக்காமல் விட்டிருந்தால் கோரைப்பல் இறங்க இடம் இருந்திருக்காது. இப்போது சொல்லியிருக்கிற அறுவை அப்படிப்பட்டதல்ல. இதற்கான ஆயத்தம் முடிவதற்குள் உனக்கு 18 நிறைந்துவிடும். ஒப்புதல் படிவத்தில் அப்பாவின் கையெழுத்து செல்லாது, உன்னுடையதுதான் வேண்டும். வேண்டாம் என்று சொல்ல உனக்கு உரிமை உள்ள முதல் அறுவை இது. அந்த உரிமை இருக்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகு வேண்டும் என்று சொன்னால்தான் அதற்கு மதிப்பு.

மேல்தாடை ஏன் பின்தங்கியது? இதை நீ தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். ஏனென்றால் உன் அம்மா இன்றுவரை ஒரு குற்றவுணர்ச்சியைச் சுமந்துகொண்டிருக்கிறாள். வயிற்றில் நீ இருந்தபோது கிரகண நேரத்தில் அரிவாள்மணையில் காய் நறுக்கியதால்தான் உன் உதடும் அண்ணமும் பிளந்துபோயின என்று யாரோ சொன்னது அவள் மனதை விட்டுப் போகவே இல்லை. கிரகணத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. கருவின் முகம் இரு பக்கத்திலிருந்தும் வளர்ந்து வந்து நடுவில் சேர்கிறது. உதடு சேர்வது கருவுற்ற நான்காம் வாரத்திலிருந்து ஏழாம் வாரத்துக்குள். அண்ணம் சேர்வது அதை அடுத்த சில வாரங்களில். தான் உண்டாகியிருப்பதே பல பெண்களுக்கு அப்போதுதான் தெரியவரும். மரபணுவும் வேறு பல காரணங்களும் சேர்ந்து அந்த இணைப்பு எங்கோ நின்றுபோகிறது. உலகில் சுமார் 700 குழந்தைகளில் ஒன்று இப்படிப் பிறக்கிறது. இதை அம்மாவிடம் நீயே சொல். நான் பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டேன். உன் வாயால் கேட்டால் நம்புவாள்.

பிறக்கும்போது பிளவு இருந்ததால் மட்டும் தாடை சிறுத்துவிடவில்லை. லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் மருத்துவமனையைச் சேர்ந்த மைக்கேல் மார்ஸ் என்ற பல் சீரமைப்பு மருத்துவர் 1980களில் இலங்கைக்குப் போனார். பிளவோடு பிறந்து, அறுவையே செய்துகொள்ளாமல் பெரியவர்களானவர்கள் அங்கே நிறையப் பேர் இருந்தார்கள். அவர்களுடைய முகங்களை அளந்து பார்த்தபோது, மேல்தாடை ஏறக்குறைய இயல்பாகவே முன்னோக்கி வளர்ந்திருந்தது. அப்படியானால் குழந்தைப் பருவத்தில் செய்த அறுவையின் தழும்புதான் வளர்ச்சியை இழுத்துப் பிடிக்கிறது என்று தெரிகிறது. அதற்காக உன் அறுவை தவறு என்று எண்ணிவிடாதே. மூடாத அண்ணத்தோடு வளர்ந்தவர்களுக்குத் தாடை இருந்தது, தெளிவான பேச்சு இல்லை. பேச்சை முதலில் காப்பாற்றுவோம், தாடையைப் பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்பது உலகம் முழுக்க மருத்துவர்கள் தெரிந்தே எடுத்த முடிவு. பிளவோடு பிறந்து அறுவை செய்துகொண்டவர்களில் சுமார் நான்கில் ஒருவருக்குப் பின்னாளில் தாடை அறுவை தேவைப்படும் என்று மருத்துவ நூல்களில் நெடுங்காலமாக இருக்கிறது. உனக்கு மட்டும் ஏதோ தவறிவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

2009-இல் ஆஸ்கர் வாங்கிய ‘ஸ்மைல் பிங்கி’ என்ற ஆவணப்படத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பாய். உத்தரப் பிரதேசத்துக் கிராமத்துச் சிறுமி ஒருத்திக்கு உதட்டு அறுவை நடக்கிற கதை. நல்ல படம். எத்தனையோ பெற்றோரை ஆஸ்பத்திரிக்கு வரவைத்த படம். ஆனால் அது போன்ற கதைகளைப் பார்க்கிறவர்கள், ஓர் அறுவையோடு எல்லாம் முடிந்துவிடும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். “இன்னுமா முடியலை?” என்று உன்னிடம் கேட்கிற சொந்தக்காரர்களும் அப்படித்தான். உதடு, அண்ணம், பேச்சுப் பயிற்சி, ஈற்றெலும்பு, பல்லுக்குக் க்ளிப், தாடை, கடைசியில் மூக்கு என்று பிறந்தது முதல் இருபது வயது வரை நீள்கிற வரிசை இது. அதில் தாடைக்குரிய நேரம் எலும்பு வளர்ச்சி நின்ற பிறகுதான் வரும். பெண்களுக்குப் பதினாறு, பதினேழு வயது. ஆண்களுக்கு இன்னும் ஓரிரு வருடம் கூட ஆகும். முந்திச் செய்தால், கீழ்த்தாடை மேலும் வளர்ந்து பழைய நிலைக்கே கொண்டுபோய்விடும்.

சரி, என்ன செய்வார்கள்? வெளியே முகத்தில் கத்தி படாது. மேலுதட்டைத் தூக்கி, வாய்க்குள் ஈறுக்கு மேலே கீறுவார்கள். மூக்குக்குக் கீழே கிடைமட்டமாக எலும்பை வெட்டி, பற்களோடு கூடிய மேல்தாடையை விடுவித்து, மேஜை இழுப்பறையை இழுப்பதுபோல முன்னால் கொண்டுவந்து, டைட்டானியத் தகடும் திருகும் வைத்துப் பொருத்துவார்கள். வெட்டுகிற அந்தக் கோட்டுக்கு லெ ஃபோர் ஒன்று என்று பெயர். பிரான்ஸில் ரெனே லெ ஃபோர் என்பவர் இறந்தவர்களின் தலைகளில் அடித்துப் பார்த்து, முகத்தெலும்பு எந்தெந்தக் கோடுகளில் உடைகிறது என்று 1901-இல் எழுதிவைத்தார். விபத்தில் எலும்பு உடைகிற கோட்டையே பின்னால் வந்தவர்கள் சிகிச்சைக்குப் பயன்படுத்திக்கொண்டார்கள். சூரிக் நகரத்து ஹ்யூகோ ஒப்வெகேஸர் 1960களில், மேல்தாடையை முழுக்க விடுவித்தால்தான் இழுப்பு இல்லாமல் புதிய இடத்தில் நிற்கும் என்று செய்து காட்டினார். வெட்டிய எலும்பு செத்துப்போகாதா என்று உன் அம்மா பயப்படுகிறாள் அல்லவா? அதே கேள்வியை வைத்துக்கொண்டு அமெரிக்காவில் வில்லியம் பெல் குரங்குகளில் ஆராய்ந்தார். எலும்பு வெட்டுப்பட்டாலும் அதோடு ஒட்டியிருக்கும் சதை வழியே இரத்தம் வந்துகொண்டே இருக்கிறது என்று கண்டார். உன் அண்ணத்துச் சதையில் தழும்பு இருப்பதால் டாக்டர்கள் கூடுதல் கவனத்தோடு வெட்டுவார்கள். பிளவு அறுவையில் பழகிய கை வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

தாடை மிகவும் பின்தங்கியிருந்தால், ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு நகர்த்த வேண்டியிருந்தால், ஒரேயடியாக இழுப்பதைத் தழும்பு தாங்காது. சில மாதங்களில் கொஞ்சம் பின்வாங்கிவிடும். அப்படிப்பட்டவர்களுக்கு எலும்பை வெட்டிவிட்டு, ஒரு கருவி மூலம் நாளுக்கு ஒரு மில்லிமீட்டராக மெல்ல நகர்த்துவார்கள். இடைவெளியில் புது எலும்பு உருவாகிக்கொண்டே வரும். சைபீரியாவின் குர்கானில் இலிஸாரொவ் என்ற மருத்துவர் கால் எலும்புகளுக்குக் கண்டுபிடித்த முறை இது. 1992-இல் நியூயார்க்கின் ஜோசப் மெக்கார்த்தி குழந்தைகளின் கீழ்த்தாடையை இந்த முறையில் நீட்டியதை வெளியிட்டார். மேல்தாடைக்கும் பிறகு வந்தது. உனக்கு எந்த முறை என்று எக்ஸ்ரேயும் ஸ்கேனும் பார்த்துத்தான் சொல்ல முடியும். அதை வெட்கப்படாமல் கேட்டுத் தெரிந்துகொள்.

அறுவைக்கு முன்னால் ஒரு வருடமோ ஒன்றரை வருடமோ க்ளிப் போட்டிருக்க வேண்டும். இங்கே உன்னை எச்சரிக்கிறேன். தாடை பின்னால் இருப்பதைச் சமாளிக்க உன் பற்கள் தாமாகவே சாய்ந்து வளர்ந்திருக்கின்றன. அந்தச் சாய்வை முதலில் நிமிர்த்துவார்கள். அப்போது கடி இன்னும் மோசமாகத் தெரியும், கீழ்ப்பற்கள் இன்னும் முன்னால் வந்ததுபோல் இருக்கும். கல்லூரி முதல் வருடத்தில், புது முகங்களுக்கு நடுவே, முகம் சரியாவதற்குப் பதில் கெட்டுப்போகிறதே என்று தோன்றும். பாதியில் க்ளிப்பைக் கழற்றச் சொன்ன பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். முன்னாலேயே யாராவது இதைச் சொல்லியிருந்தால் அவர்களில் பலர் தாங்கியிருப்பார்கள்.

இன்னொன்று, எல்லாவற்றிலும் முக்கியம்: பேச்சு. நாம் பேசும்போது அண்ணத்தின் பின்பக்கத்து மெல்லிய சதை மேலே எழும்பித் தொண்டைச் சுவரைத் தொட்டு மூக்குவழியை அடைக்கிறது. உனக்கு அது தைத்த அண்ணம். எட்டுவதே கொஞ்சம் இழுபறிதான். தாடை முன்னால் போனால் அந்தச் சதையும் கூடவே போகும், இடைவெளி கூடும். அதனால் சிலருக்கு மூக்கால் பேசுவது திரும்ப வருகிறது, அதற்கென்று தனி அறுவையும் தேவைப்படுகிறது. எத்தனை வருடம் பேச்சுப் பயிற்சிக்குப் போய், ‘ப’வும் ‘க’வும் தெளிவாக வரவழைத்தாய்! அதனால் தேதி குறிப்பதற்கு முன்பே பேச்சுப் பயிற்சியாளரிடம் போய்க் குரலைப் பதிவு செய்துகொள். மூக்குவழியாகச் சிறு கேமரா விட்டு அந்தச் சதை எப்படி அசைகிறது என்று பார்க்கும் பரிசோதனை உண்டு. கொஞ்சம் கூசும், அவ்வளவுதான். அதைச் செய்யாமல் அறுவைக்குச் சம்மதிக்காதே. மறுபக்கமும் உண்டு: முன்பற்கள் ஒன்றோடொன்று பொருந்தாததால் ‘ஸ’ போன்ற ஒலிகள் சிதறுகிற பலருக்குத் தாடை அறுவைக்குப் பிறகு அவை தெளிகின்றன.

அறுவை முடிந்த பிறகு நடப்பதை வார்டுக்காரி என்ற முறையில் மறைக்காமல் சொல்கிறேன். கண் விழிக்கும்போது மூக்கு அடைத்திருக்கும், அதில் இரத்தம் உறைந்திருக்கும், வாயால் மூச்சு விடுவாய். இரண்டாம் மூன்றாம் நாளில் வீக்கம் உச்சத்துக்குப் போகும். கண்ணாடியில் தெரிவது யார் என்றே உனக்குத் தெரியாது. பார்க்க வருகிற சொந்தங்களைக் கொஞ்ச நாள் தள்ளி வரச் சொல்லும்படி அம்மாவிடம் இப்போதே சொல்லிவை. வலி நீ நினைப்பதைவிடக் குறைவாகத்தான் இருக்கும், ஏனென்றால் மேலுதடும் கன்னமும் ஈறும் மரத்துப்போயிருக்கும். அந்த மரமரப்பு வாரங்களிலிருந்து மாதங்களில் திரும்பும்; சிலருக்கு ஓர் ஓரத்தில் கொஞ்சம் தங்கிவிடுவதும் உண்டு. கீழ்த்தாடையையும் சேர்த்துச் செய்தால் கீழுதட்டிலும் தாடை முனையிலும் அது நிலைத்துவிடும் வாய்ப்பு இன்னும் கூடுதல். இரத்தக் கசிவு, தொற்று, தகட்டைப் பின்னால் எடுக்க வேண்டிவருவது என்று மற்ற அபாயங்களும் இருக்கின்றன.

எலும்பு சேர ஆறு வாரம் ஆகும். அதுவரை மெல்லுவது கூடாது. மேல்தாடைக்கும் கீழ்த்தாடைக்கும் நடுவே ரப்பர் பேண்ட் மாட்டியிருப்பார்கள். சாப்பாட்டை நினைத்துப் பயப்படாதே, நம் சமையலில் இதற்கு வேண்டியது எல்லாம் இருக்கிறது. கேழ்வரகுக் கூழைத் தண்ணீராகக் கரைத்தது, பருப்புத் தண்ணீர், வடிகட்டிய கஞ்சி, மோர், இளநீர். பிறகு ரசம் சாதத்தை மிக்ஸியில் அரைத்து, நெய் விட்டு. காரத்தைக் குறைக்க வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி குடிக்க வேண்டும். இல்லாவிட்டால் எடை மளமளவென்று இறங்கும். ஒவ்வொரு முறையும் உப்புத் தண்ணீரால் கொப்பளித்து, குழந்தைகளுக்கான சிறிய பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்க்க வேண்டும். மூக்கைச் சிந்தக் கூடாது.

இரண்டாம் வாரத்தில் ஒரு சோர்வு வரும். ஏன் இதைச் செய்துகொண்டோம் என்று காரணமில்லாமல் அழுகை வரும். பசி, தூக்கமின்மை, வீங்கிய முகம், பேச முடியாத எரிச்சல் எல்லாம் சேர்ந்து செய்கிற வேலை அது. என் வார்டில் தைரியசாலிகள் என்று பெயரெடுத்தவர்களும் அந்த வாரத்தில் உடைந்திருக்கிறார்கள். கடந்துபோகும். அந்த வாரம் நான் உன் பக்கத்தில் இருப்பேன். முகம் கடைசியாக எப்படி இருக்கும் என்று தெரிய ஆறு மாதத்துக்கு மேல் ஆகும்.

இந்த அறுவையால் ஆகாதவையும் உண்டு. உதட்டுத் தழும்பு அப்படியே இருக்கும். மேல்தாடை முன்னால் வரும்போது கன்னத்துக் குழிவும் பக்கத்திலிருந்து பார்த்தால் தெரியும் உள்வாங்கலும் மாறும். ஆனால் மூக்கின் கோணல் நேராகாது. மூக்குத் தளம் நகர்வதால் மூக்கு கொஞ்சம் அகலமாகக்கூடத் தெரியலாம். அதனால்தான் மூக்கைத் தாடைக்குப் பிறகு வைத்துக்கொள்கிறார்கள். முதலில் மூக்கைச் சரிசெய்யலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதே. புது முகத்தோடு புது வாழ்க்கை வந்துவிடும் என்றும் எதிர்பார்க்காதே. கூச்சம் தாடையோடு சேர்ந்து நகர்வதில்லை. அதற்குப் பேச ஆள் வேண்டும், நாள் வேண்டும்.

இப்போது ஆச்சியின் பேச்சுக்கு வருகிறேன். மாப்பிள்ளை வீட்டாருக்காக எலும்பை வெட்டிக்கொள்ளாதே. இவ்வளவு பாடும் படப்போவது உன் உடம்பு. வந்து பார்த்து பஜ்ஜி சாப்பிட்டுவிட்டுப் போகிறவர்கள் அல்ல. அதே சமயம், முகம் இன்னும் நன்றாக இருக்க வேண்டும் என்று நீயே ஆசைப்பட்டால் அதில் வெட்கப்பட எதுவுமில்லை. “உள்ளத்தின் அழகே அழகு” என்று யாராவது வந்து உபதேசித்தால் சிரித்துவிட்டுப் போ. நீ யாருடைய கண்ணால் உன் முகத்தைப் பார்க்கிறாய் என்பதுதான் கேள்வி. கொய்யாக்காயை முன்பல்லால் கடிக்க முடியவில்லை, கடைவாயில் வைத்து நசுக்குகிறேன் என்பது ஒரு காரணம். ராத்திரியில் மூக்கு அடைத்துச் சரியாக மூச்சு வாங்க முடியவில்லை என்பதும், போட்டோவில் பக்கவாட்டு முகம் எனக்கே பிடிக்கவில்லை என்பதும் காரணங்கள்தான். ஊரார் வாயை அடைக்க வேண்டும் என்பது காரணமே ஆகாது. ஊரார் வாயை எந்த டாக்டராலும் தைக்க முடியாது.

பணத்தைப் பற்றி உன் அப்பாவிடம் நான் பேசுகிறேன். மத்திய அரசு 2013-இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்த்ய கார்யக்ரம், பிறந்தது முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கானது. உதடு, அண்ணப் பிளவு அதன் பட்டியலில் உண்டு. உனக்கு 18 நிறைய இன்னும் சில மாதங்களே இருப்பதால், மாவட்ட அரசு மருத்துவமனையில் உள்ள ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்தில் இந்த வாரமே போய் விசாரிக்கச் சொல். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை எடுத்துக்கொண்டு, தாடை அறுவைக்கும் க்ளிப்புக்கும் எது எது கிடைக்கும் என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். 1999-இல் தொடங்கிய ஸ்மைல் ட்ரெய்ன் தொண்டு நிறுவனம் பிளவு சிகிச்சைக்குப் பல மருத்துவமனைகள் வழியாக உதவுகிறது. நீ காட்டும் மருத்துவமனை அதில் சேர்ந்ததா என்று கேள். அறுவை மட்டும் இலவசம், க்ளிப்புக்குப் பணம் என்றால் அதுவும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

என் கருத்து என்ன என்று நீ விடமாட்டாய், சொல்லிவிடுகிறேன். செய்துகொள்ளலாம் என்பதே என் எண்ணம். உன் கடி பொருந்தவில்லை, மூச்சுவிடச் சிரமப்படுகிறாய், இந்த வயதில் எலும்பு நன்றாகச் சேரும். ஆனால் அவசரம் எதுவும் இல்லை. பேச்சுப் பரிசோதனை முடிய வேண்டும், பல் சீரமைப்பு மருத்துவரும் அறுவை மருத்துவரும் பேச்சுப் பயிற்சியாளரும் ஒன்றாக உட்கார்ந்து பார்க்கிற இடமாக இருக்க வேண்டும், அறுவை தேதி உன் செமஸ்டர் தேர்வோடு மோதக் கூடாது. எல்லாவற்றையும் கேட்ட பிறகு வேண்டாம் என்று தோன்றினால் அதுவும் சரியான முடிவுதான். முப்பது வயதில் செய்துகொண்டவர்களும் இருக்கிறார்கள். செய்துகொள்ளாமலே நிறைவாக வாழ்கிறவர்களும் இருக்கிறார்கள்.

அடுத்த முறை போகும்போது ஒரு நோட்டில் கேள்விகளை எழுதிக்கொண்டு போ. எத்தனை மில்லிமீட்டர் நகர்த்துவீர்கள்? ஒரேயடியாகவா, மெல்ல மெல்லவா? கீழ்த்தாடையையும் தொடுவீர்களா? என் பேச்சு என்ன ஆகும்? திரும்பப் பின்வாங்கினால் என்ன செய்வீர்கள்? பிளவோடு பிறந்தவர்களுக்கு இந்த அறுவையை நீங்கள் வழக்கமாகச் செய்கிறீர்களா? டாக்டர் உன்னை விட்டுவிட்டு அப்பாவைப் பார்த்துப் பதில் சொன்னால், “எனக்குச் சொல்லுங்க சார்” என்று சொல். புரியாததை இன்னொரு முறை கேள். நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொள்கிறவரிடம் உன் தாடையைக் கொடுக்க வேண்டியதில்லை.

அன்புடன்,
உன் அத்தை